ஏறினால் நல்லது

“ஏறுறது நல்லதுன்னு ஒங்களுக்கு யாருப்பா சொன்னா? யாரு சொன்னான்னு மட்டும்—”

“யாரு சொல்லணும்? நீ டெங்குல கெடந்தப்ப வார்ட்டுல ஒக்காந்திருந்தது நானா, நீயா—”

“டெங்கு வேறப்பா, இது வேற! அதுல கொறையும், இதுல—”

“எறங்குனா பயம், ஏறுனா பயமில்ல. அந்த நர்ஸ் புள்ளயே எங்கையப் புடிச்சிக்கிட்டு சொன்னிச்சு, ‘அங்கிள், ஏறிருச்சு, இனி பயமில்ல’ன்னு. ஒனக்கு அப்ப கண்ணே தொறக்கல்ல.”

“நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்களேன்—”

“நீ மொதல்ல கேளு. முப்பத்தி நாலு. அப்புறம் நாப்பத்தி மூணு. அப்புறம் அம்பத்தி ஏழு. இப்ப எழுபத்தி ஒண்ணு. எல்லாம் ஆயிரத்துல. எங்கயாவது எறங்கியிருக்கா? ஒரு தடவ எறங்கியிருக்கா?”

“அதுதாம்ப்பா வியாதியே!”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க. அண்டாவுல தண்ணி வத்திருச்சு,” என்றாள் கத்தரீனா.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, ஆற்றைப் பார்த்து இறங்குகிற சந்தில் கடைசிக்கு முந்தின வீடு அது. பிற்பகலானால் அந்தத் தகரக் கூரையின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பத் தொடங்கும். இராச் சாப்பாட்டுக்கு இடியப்பம் விற்கிற கடைகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகிறது. யாகப்பர் பிழிவார், அவர் மனைவி கத்தரீனா அவிப்பாள். மரக்காலையில் பலகை தூக்கின தோள் அவருடையது. அந்த வேலையை விட்ட பிறகும் இடியப்ப உரலை அழுத்துகிற அழுத்தில் ஒரு குறைச்சலும் இல்லை. சிவப்பரிசி மா சூட்டோடு இருக்கும்போதே பிழிந்தாக வேண்டும். ஆறினால் இறுகி உரலை உடைத்துவிடும். அன்றைக்குச் சட்டியில் பாதி மா ஆறிப்போய்க் கிடந்தது.

மகள் அனற் இன்னும் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கண்டி டவுனில் அறையெடுத்துத் தங்கி ஜப்பான் மொழி படிக்கிறாள். ஜப்பானில் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலைக்கு எடுபட்டுவிட்டாள். நவம்பரில் விமானம். போனால் ஐந்து வருடம்.

“நேத்து எங்க வகுப்புக்கு ஒரு நர்ஸம்மா வந்தாங்கப்பா. ரத்தத்தப் பத்திப் படிச்சுக் குடுக்க. நான் எழும்பிப் பெருமையாச் சொல்றேன், எங்கம்மாவுக்கும் நாட்பட்ட லியூக்கேமியாதான், ஆனா வெள்ளணு நல்லா ஏறி எழுபத்தி ஒண்ணாயிரத்துக்கு வந்திருச்சுன்னு. அவுங்க என்னயப் பாத்தாங்க பாருங்க… வகுப்பு முடிஞ்சதும் தனியாக் கூப்புட்டு, ‘கடைசியா எப்ப கிளினிக்குக்குப் போனீங்க’ன்னு கேட்டாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“என்னாத்தச் சொல்றது? ஏறிட்டு வர்றதால போகல்லன்னு சொல்லவா?”

யாகப்பர் உரலைத் திருப்பி வைத்தார். துணியை எடுத்து அதன் வாயைத் துடைத்தார்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முந்தின வருடம் அனற்றுக்கு டெங்கு வந்தபோது, காலையும் மாலையும் இரத்தம் எடுக்கிறதும், குறைந்துவிட்டது என்று தாதிகள் ஓடுகிறதும், ஒரு நாள் விடிகாலையில் ‘ஏறிருச்சு’ என்று சிரிக்கிறதும் பார்த்து வந்தவர். சந்து முழுக்க டெங்கு பரவியபோது, ஆட்கள் இரத்த ரிப்போட்டை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போகுமுன் யாகப்பரிடம் வந்தார்கள். குறைவென்று ‘எல்’ எழுத்துப் போட்டிருந்தால் பயம், கூடுதலென்று ‘எச்’ போட்டிருந்தால் பயமில்லை என்று அவர் சொல்லுவார். சொன்னது ஒரு தடவையும் பிழையானதில்லை.

இந்த ஏப்ரலில் கத்தரீனாவின் கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுக்க இரத்தம் சோதித்தபோதுதான் வியாதி தெரிந்தது. கிளினிக்கில் ஒரு சின்ன வயது டொக்டர் பாதித் தமிழில், இது மெதுவான வகை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கொரு தரம் வந்து காட்டினால் போதும் என்றார். ஜூலையில் போக வேண்டிய அன்று மழையில் ரோட்டிலே மண் சரிந்து பஸ் ஓடவில்லை. ஜூனில் ஒரு தரம் கொடுத்த சந்தி லேபிலேயே இரத்தம் கொடுத்தார்கள். கூடியிருந்தது. ‘எச்’ போட்டிருந்தது. அப்புறம் எதற்கு கிளினிக்? போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் வாசலில் நேர்த்திக்கடனாக இடியப்பமும் சொதியும் கொடுத்தார் யாகப்பர். செய்தி கேட்டு அனற் போனிலேயே அழுது சந்தோஷப்பட்டாள்.

“நானும்தான் சந்தோசப்பட்டேன்,” என்றாள் இப்போது, சுவரைப் பார்த்து. “எனக்கும்தான் தெரியல்ல.”

“நாளைக்குக் கிளினிக் நாளு. போவோம்,” என்றார் யாகப்பர்.

“யாரும் எங்கயும் போக வேணாம்,” என்றாள் கத்தரீனா. அண்டாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “பை இன்னும் தோள்ல தொங்குது பாரு இவளுக்கு. எறக்கி வச்சிட்டு தட்டக் கழுவு. ஆறுன மாவுல நான் ரொட்டி சுடுறேன்.”

*

அன்று பின்னேரம் றமீலாவின் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் கொண்டுபோனவர் யாகப்பர்தான். கணவர் மௌத்தான பிறகு றமீலாவே கல்லாவில் இருக்கிறாள்.

“யாகப்பர் அண்ணன், கொஞ்சம் பொறுங்கொ. நான் ஒங்களத்தான் பாத்துட்டு ஈக்கிறன். எங்கட மருமகள் ரிஸ்னாக்குக் காய்ச்சல். விட்டு விட்டு அடிக்கிது. பிளட் எடுத்தீக்கி. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கொ.”

யாகப்பர் கூடையை இறக்கி வைத்தார். கடதாசியை வாங்கினார். வெள்ளணு என்ற வரிசைக்குப் பக்கத்தில் ‘எல்’ போட்டிருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. நன்றாகத் தெரிந்த இடம்.

“என்ன அண்ணன்? ஏறீக்கா, எறங்கீக்கா?”

“டொக்டர்கிட்ட காட்டுங்க.”

“காட்டத்தான் போற. அதுக்கு முந்தி ஒங்களுக்கிட்ட கேக்கிற. போன வருஷம் எங்கட மகன் அஸ்ஃபருக்கு நீங்கதானே பாத்து, இப்பவே கொண்டு போங்க எண்டு சொன்ன? டொக்டர்மாரே மெச்சினாங்க.”

“அப்ப தெரிஞ்சிச்சு.”

“இப்ப என்ன, கண் தெரியல்லயா?”

“கண்ணு தெரியுது.” கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு இதுகள் தெரியாதும்மா. தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் சொல்றேன்னு இல்ல. காய்ச்சல்னா போகத்தானே வேணும்.”

றமீலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கத்தரீனா எப்பிடி? நல்லா ஏறிட்டு வருது எண்டு சொன்னீங்க. நானும் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்கிறன், இன்னமும் ஏறணும் எண்டு.”

“போதும்மா,” என்றார் யாகப்பர். “அதக் கேக்காதீங்க. வேற ஏதாவது கேளுங்க.”

“வேற என்னத்தக் கேக்க?”

யாகப்பர் வெறுங்கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார். சந்துக்குத் திரும்பாமல் சந்தை வரைக்கும் போய், அங்கே ஒன்றும் வாங்காமல், மறுபடி திரும்பி வந்தார்.

*

மறுநாள் கத்தரீனாவைப் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சேலை கட்டினவள் அவிழ்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கூப்பிட்டால், வருகிறேன் என்றாள். போய்ப் பார்த்தால் மா சலித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பஸ் போயிரும்.”

“அடுத்தது வராதா?”

“வரிசைக்கு நம்பர் குடுத்து முடிஞ்சிரும்.”

“முடியட்டும். நம்பரால வந்த வினைதானே இம்புட்டும்.”

கிளினிக்கில் இந்த முறை இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும், முகத்தில் தூக்கம் கண்டு பல நாளான களைப்பு. கத்தரீனாவின் கழுத்தைத் தடவினார். கையைத் தூக்கச் சொல்லிக் கம்புக்கட்டில் கை வைத்தார். படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார்.

“இந்தக் கழுத்துக் கட்டி எப்ப துவக்கம் அம்மா?”

“கட்டியா? அது அண்டா தூக்குறதுல நரம்பு தெறிச்சது.”

“ரெண்டு பக்கமும் தெறிச்சதோ?”

கத்தரீனா சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“இரவில வேர்க்கிறதோ?”

“அவிக்கிற வேல. பகல்லயும்தான் வேர்க்கும்.”

“முந்தின ரிப்போட்டுகள் கொண்டு வந்தனீங்களோ?”

“கொண்டு வரல்ல மிஸ்,” என்று யாகப்பர் எழுந்து நின்றார். “மனப்பாடமா இருக்கு. ஏப்ரல்ல முப்பத்தி நாலாயிரம். ஜூன்ல நாப்பத்தி மூணு. ஜூலையில அம்பத்தி ஏழு. ஆகஸ்டு முடியறப்ப எழுபத்தி ஒண்ணு.” பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி தொடங்கினார், நாற்பத்து மூன்றுக்கு வரும்போதே குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் முடிவு வரைக்கும் சொன்னார்.

டொக்டர் பேனாவை வைத்தார். “அஞ்சு மாதத்துக்குள்ள இரட்டிச்சிருக்கு.”

“ஓம் மிஸ்.” யாழ்ப்பாணத்தாருக்கு அவர் ‘ஓம்’ என்றுதான் சொல்லுவார். “நான் அது நல்லதுன்னு நெனச்சிட்டேன்.”

“நல்லதெண்டோ?”

“டெங்குல அப்புடித்தானே.”

டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாகப்பரின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“இருங்கோ ஐயா. டெங்கில குறையும், பிறகு ஏறும். அது சரி. இது வேற வருத்தம். இதில அந்த வெள்ளை அணுக்கள் வேலைக்கு உதவாத அணுக்கள். கூடிக்கொண்டு போனால் மற்ற அணுக்களுக்கு இடமில்லாமப் போகும். எவ்வளவு கெதியாக் கூடுது எண்டுறதும் ஒரு அடையாளம். ஆனா அத மட்டும் வச்சுக்கொண்டு ஒண்டும் சொல்லேலாது. கழுத்தில கட்டி இருக்கு, மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கு, அதுகளும் அடையாளம். இன்னும் ரெண்டு பார்க்க வேணும். குரோமோசோம் உடைஞ்சிருக்கோ, உடைஞ்சா எந்த இடத்தில எண்டு ஒண்டு. அந்த அணு எந்த வகை எண்டு மற்றது. இரத்தம் எடுத்து அனுப்பினால் சில கிழமையில முடிவு வரும்.”

“அதுல என்னா தெரியும் மிஸ்?” என்று கேட்டது அனற்.

“இது மெதுவாப் போற வருத்தமோ, அவசரப்படுற வருத்தமோ எண்டு ஓரளவுக்குத் தெரியும். எந்த மருந்து கேக்கும் எண்டும் தெரியும்.”

“அப்ப எடுங்க மிஸ்.”

“எடுக்க வேணாம்,” என்றாள் கத்தரீனா.

“அம்மா!”

“நவம்பருக்கு அப்புறம் எடுங்க மிஸ். இவ போன பொறகு. நான் எங்கயும் ஓடிறப் போறதில்ல.”

“தெரியாம நான் எப்புடிப் போறது?”

“இம்புட்டு நாளும் தெரியாமத்தானே இருந்த. தெரியாம நிம்மதியா இருந்த.”

“தெரியாம இல்ல, தப்பாத் தெரிஞ்சிருந்தேன்!”

“பாஸாகறதுக்கு ரெண்டு தடவ எழுதுன. ராவும் பகலும் அந்தக் குச்சிக் குச்சி எழுத்த வச்சிக்கிட்டு ஒக்காந்த. எங்கழுத்துல ரெண்டு கட்டி வந்துருச்சுன்னு அதத் தூக்கி ஆத்துல போடப் போறியா?”

“அவசரப்படுற வகைன்னா நான் போக மாட்டேன். மெதுவான வகைன்னா போவேன். அம்புட்டுத்தான். இதுல என்னா இருக்கு?”

“அதுதான் சொல்றேன், எடுக்க வேணாம்னு.”

வாசலில் நின்ற அடுத்த நோயாளி எட்டிப் பார்த்தார். டொக்டர் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னார்.

“அம்மா, நான் ஒண்டு சொல்லுறன். உங்கட இரத்தம், உங்கட முடிவு. வேண்டாமெண்டால் எடுக்கேலாது. ஆனா மருந்து துவங்க வேண்டி வந்தா, இது தெரியாம நான் துவங்கினா, அந்த மருந்து உங்களுக்குக் கேக்காமலும் போகலாம். அப்ப நாள்தான் வீணாகும்.”

கத்தரீனா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி சுட்டுச் சுட்டு ரோமமே இல்லாமல் போன முழங்கை.

“முடிவ யாருகிட்ட சொல்லுவீங்க?”

“உங்களிட்டத்தான்.”

“எங்கிட்ட மட்டும்?”

“நீங்கள் வேற ஆரையும் கூட்டிக்கொண்டு வந்தால் ஒழிய, உங்களிட்ட மட்டும்.”

“அப்புடின்னா எடுங்க,” என்று கையை நீட்டினாள்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் பிற்பகலில், சரியாக மா குழைக்கிற நேரம் பார்த்து, மலைப்பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து ஊற்றியது. மகாவலி செம்மண் நிறத்தில் ஓடியது. விறகு நனைந்து புகைந்தது. அடுப்பைச் சகிக்க முடியாமல் யாகப்பர் வெளியே போவார், மழையைச் சகிக்க முடியாமல் உள்ளே வருவார்.

கத்தரீனாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டு, மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, தேங்காய் துருவப் போனாள். போன் அடித்தால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். எடுத்துக் காதில் வைத்து, “அவிஞ்சிக்கிட்டிருக்கு, கொண்டு வருவாரு,” என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொள்ளுவாள். வேறு யாரும் எடுக்கக் கூடாது.

வகுப்பு முடிந்து அனற் வீட்டுக்கே வந்துவிட்டாள். மூலையில் உட்கார்ந்து ஜப்பான் வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள்.

“அது என்னா, ஒரே மாதிரிச் சொல்லிக்கிட்டே இருக்க?” என்றாள் கத்தரீனா ஒரு நாள்.

“எங்க வலிக்குதுன்னு கேக்குறதும்மா.”

“அதுக்கு அந்தக் கெழவங்க என்னா சொல்லுவாங்க?”

“ஒண்ணும் வலிக்கலன்னு சொல்லுவாங்களாம். அத நம்பக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க.”

“நல்ல டீச்சருதான்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் தாய்.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பின யாகப்பர் வாசலிலேயே குடையை எறிந்தார்.

“என்னா வந்துச்சு?”

“அழகையாதான். பூசை முடிஞ்சி வர்றேன், எல்லாரு முன்னுக்கும் கேக்குறான். ‘என்னா யாகப்பு, இப்ப எத்தனையில நிக்கிது? அடுத்த இடியாப்பம் எப்ப?’ன்னு. சொதி நல்லா இருந்துச்சாம்.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“ஒன் வேலயப் பாத்துக்கிட்டுப் போடான்னு சொன்னேன். இத்தன வருசப் பழக்கம். மூஞ்சி சுருங்கிப் போயிருச்சு அவனுக்கு.” ஈரச் சட்டையோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். “கத்தரீனா, அந்தோனியாரு என்னா நெனச்சிருப்பாரு? வியாதி கூடுனதுக்கு நேர்த்தி வச்சிக் குடுத்த ஒரே ஆளு நாந்தான்.”

“சொதிக்கு உப்புக் கொறச்சல்னு நெனச்சிருப்பாரு.”

மூலையில் அனற் சிரித்துவிட்டாள். யாகப்பருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, “நீ திட்டேன். ஒரு தடவ நல்லாத் திட்டிரு,” என்றார்.

“திட்டுனா எறங்குமா?” என்றாள் கத்தரீனா. “சட்டைய மாத்துங்க. சளி புடிச்சா அதுக்கும் நாந்தான் ஓடணும்.”

*

கிளினிக்கிலிருந்து கூப்பிட்டபோது அவள் அடுப்படியில் நின்று, “சரி மிஸ்… சரி மிஸ்,” என்று மட்டும் சொன்னாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, “நீங்க எங்கூட வாங்க,” என்றாள் யாகப்பரிடம்.

“நான் எதுக்கு? ஒங்கிட்ட மட்டும்னுதானே சொன்ன?”

“அவுங்க சொல்றது எனக்கு மண்டையில நிக்காது. ஒங்களுக்கு நிக்கும்.”

“நானும் வர்றேன்,” என்று அனற் எழும்பினாள்.

“நீ மா கொழச்சுப் பிழி. கடைக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள். பாலத்தில் வாகன நெரிசலில் பஸ் நின்றது. கீழே ஆறு மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

“உள்ளுக்கு என்னா கேட்டாலும் வெளிய வரக்கூடாது,” என்றாள்.

“என்னா?”

“வீட்டுக்குப் போயி நாந்தான் பேசுவேன். நீங்க பேசக்கூடாது. சொல்லுங்க.”

“கத்தரீனா—”

“என்னயத் திட்டச் சொன்னீங்களே. திட்டல்ல. அதுக்குப் பதிலா இதச் செய்ங்க.”

பஸ் நகர்ந்து பாலத்தைக் கடந்து கடைகள் வரைக்கும் வந்த பிறகுதான் யாகப்பர், “சரி,” என்றார்.

டொக்டர் இருவரையும் உட்காரவைத்தார். அவசரப்படாமல் சொன்னார். பதினேழாவது குரோமோசோம் உடையவில்லை. அது உடைந்திருந்தால் சாதாரண மருந்துகள் கேட்காது. அந்தப் பயம் இல்லை. உடைந்திருப்பது பதின்மூன்றில். உடைகிறவற்றில் அதுதான் நல்லது.

“அப்ப மெதுவான வகைதானே மிஸ்?” கத்தரீனா முன்னால் சாய்ந்தாள்.

“அந்த ஒண்டப் பார்த்தால் ஓம். மற்றதையும் கேளுங்கோ. ரெண்டாவது சோதினையில உங்கட அணுக்கள் மாற்றம் அடையாத வகை எண்டு வந்திருக்கு. அது பொறுத்திருக்காது அம்மா, அவசரப்படும். அஞ்சு மாதத்தில இரட்டிச்சதும் அதோடதான் பொருந்துது.”

“ஒண்ணு மெதுவாங்குது, ஒண்ணு அவசரங்குது. எத நம்புறது?”

“ரெண்டும் உண்மைதான். சேர்த்து வச்சுத்தான் பார்க்க வேணும்.”

“சேத்து வச்சா?”

“இண்டைக்கு நாளைக்கு எண்டு இல்ல. ஆனா வருசக் கணக்காக் காத்திருக்கவும் மாட்டுது. வாற வருசத்துக்குள்ள மருந்து துவங்க வேண்டி வரும் எண்டுதான் நான் நினைக்கிறன். துவங்கினால் கேக்கும். அந்த நேரம் அடிக்கடி வர வேணும், காய்ச்சல் வராமப் பார்க்க வேணும். வீட்டில ஆராவது பக்கத்தில நிக்க வேணும்.”

“இவரு நிப்பாரு,” என்றாள் கத்தரீனா.

டொக்டர் யாகப்பரைப் பார்த்தார். “ஐயா, விளங்கினதோ?”

“விளங்குச்சு மிஸ்,” என்றார் அவர். “இந்தத் தடவ விளங்குச்சு.”

திரும்பி வந்து சந்தில் இறங்கும்போது மழை தொடங்கிவிட்டது. வீட்டுக்குள்ளே அனற் உரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகளில் இடியப்பம் தடித்தும் மெலிந்தும் கோணலாகக் கிடந்தது. காலடி கேட்டதும் உரலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கை முழுக்க மா.

“என்னம்மா?”

“இது என்னா இடியாப்பமா, கயிறா? இதக் குடுத்தா றமீலா நாளைக்கு வேற எடத்துல வாங்குவா.”

“அம்மா! என்னா சொன்னாங்க?”

கத்தரீனா செருப்பைக் கழற்றினாள். தலையைத் துடைத்தாள். துவாயைக் கொடியில் போட்டாள்.

“ஒனக்குப் பதினேழு, பதிமூணுன்னு சொன்னா வெளங்குமா?”

“வெளங்கும். சொல்லுங்க. பதினேழு ஒடஞ்சிருக்கா?”

“ஒடையல்ல.”

“நெசமாவா?”

“அவுங்க வாயால சொன்னது. பதினேழு ஒடையல்ல. பதிமூணுதான் ஒடஞ்சிருக்காம். அதுதான் இருக்கறதுலயே நல்லதாம். மெதுவாப் போறதாம். மருந்து குடுத்தாலும் கேக்குமாம்.”

அனற் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது கன்னமெல்லாம் சிவப்பரிசி மா.

“நான் அந்தப் பதினேழுதான்னே நெனச்சிட்டேம்மா. இத்தன கெழமையும். தூக்கமே இல்ல. படிச்சதெல்லாம் அதத்தான் சொல்லிச்சு.”

“கண்டதையும் படிக்காத. எழும்பு. மூஞ்சியக் கழுவு.”

“நாளைக்கே ஏஜென்சிக்குப் போன் பண்ணிருவேன். வருவேனான்னு உறுதி கேட்டிருந்தாங்க, பதில் சொல்லாம வச்சிருந்தேன்.”

“நாளைக்கு என்னாத்துக்கு, இப்பவே பண்ணு.” கத்தரீனா இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். “இந்தா.”

அனற் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நம்பரைத் தேடினாள். தேடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்ப்பா மழையில நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்களேன்.”

யாகப்பர் வாசற்படிக்கு வெளியில் நின்றுகொண்டிருந்தார். குடையை விரிக்கவில்லை. கூரைத் தண்ணீர் தோளில் விழுந்து சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரீனா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தாள், வேண்டாம் என்று.

அண்டாவின் மூடி தடதடவென்று ஆடியது. போனில் மணி போகிற சத்தம் கேட்டது.

அவர் உள்ளே வந்தார். மகள் கையிலிருந்த போனை வாங்கி நிறுத்தினார்.

“ரெண்டாவது என்னா வந்துச்சுன்னு அதையும் சொல்லு, கத்தரீனா.”